பறங்கிக்காய்ப் பண்டிகை

மதுரை ஐயர் பங்களா பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மகன் யு.கே.ஜி. படிக்கிறான். அக்டோபர் 31 அன்று பள்ளியில் ‘ஹாலோவீன் டே’. கறுப்பு அல்லது ஆரஞ்சு உடையில் வர வேண்டும், விரும்பினால் பேய் வேடம் போடலாம், டிபன் பாக்ஸில் ‘ஸ்பூக்கி ஸ்நாக்ஸ்’ கொடுத்துவிட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. “மாறுவேடப் போட்டி மாதிரிதானே, விடு” என்கிறார் கணவர். “அது பிசாசின் பண்டிகை, அன்றைக்குப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்” என்கிறார் மாமியார். ஜெபக்குழுவில் சுற்றும் ஒரு வீடியோ மாமியார் சொல்வதையே சொல்கிறது. டெக்சாஸில் இருக்கும் அண்ணனோ, தன் பிள்ளைகள் சர்ச் வளாகத்திலேயே வேடம் போட்டு மிட்டாய் வாங்கும் படத்தை அனுப்பியிருக்கிறார். கிறிஸ்தவக் குடும்பம் இதில் கலந்துகொள்ளலாமா, கூடாதா என்பது அவர் கேள்வி.

சகோதரி, என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிசாசின் பண்டிகை என்பதற்காக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது அப்படிப்பட்டதல்ல. அதே சமயம் அது நம்முடையதும் அல்ல, நமக்கு அதற்கான தேவையும் இல்லை. அதே வாரத்தில் நம் கையில் வேறொரு திருநாள் இருக்கிறது. அன்று மகனைப் பள்ளிக்கு அனுப்புவதா என்பது இதில் சின்ன விஷயம்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபைக்காரன். நரிமேட்டுப் பக்கம் இருபத்தெட்டு வருஷம் சண்டே ஸ்கூல் எடுத்தவன். என் மனைவி ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள், கடைசிவரை அப்படியே இருந்தவள். எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு சபைக் காலண்டரும் தொங்கும். அதனால் இந்தக் கேள்வியில் இரண்டு பக்கத்துப் பேச்சும் எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

பெயரிலிருந்து தொடங்கலாம். ‘ஹாலோ’ என்றால் பழைய ஆங்கிலத்தில் பரிசுத்தவான். பரமண்டல ஜெபத்தில் “உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக” என்கிறோமே, அந்த வரியை ஆங்கிலத்தில் சொல்லும்போது வருகிற ‘ஹாலோட்’ இதே சொல்தான். ‘ஈன்’ என்பது சாயங்காலம். கிறிஸ்துமஸ் ஈவ் என்று சொல்கிற அதே ஈவ். நவம்பர் 1 சகல பரிசுத்தவான்களின் திருநாள், அதற்கு முந்தின சாயங்காலம் ஹாலோவீன். பெயரில் பேய் இல்லை. எட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரி என்ற போப்பாண்டவர் ரோமில் எல்லாப் பரிசுத்தவான்கள் பேரிலும் ஒரு சிற்றாலயத்தை அர்ப்பணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் நான்காம் கிரகோரி காலத்தில் நவம்பர் 1 பரவலாயிற்று. நவம்பர் 2-ஐ இறந்த விசுவாசிகளின் நாளாக்கியது, 998-ஐ ஒட்டி, பிரான்ஸ் தேசத்துக் குளூனி மடத்தின் தலைவர் ஓதிலோ. சகல பரிசுத்தவான்களின் நாளுக்கு முந்தின இரவு ஆயத்தம் 1955 வரை ரோமன் கத்தோலிக்கக் காலண்டரில் இருந்தது. பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) என்ற போப்பாண்டவர்தான் அதை எடுத்தார்.

அப்புறம் அந்த வீடியோ. இது ‘சம்ஹைன்’ என்ற மரண தேவனுக்கு நரபலி கொடுத்த நாள் என்று அதில் சொல்லியிருப்பார்கள். எனக்கும் மூன்று பேர் அனுப்பினார்கள். அந்தச் சொல்லை ஐரிஷ்காரர்கள் ‘சௌவின்’ என்பது போல உச்சரிப்பார்கள். அது எந்தத் தேவனுடைய பெயரும் அல்ல. கோடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் பருவத்தின் பெயர், அப்போது நடந்த விழாவின் பெயர். மேய்ச்சலுக்கு மலையேறிய மாடுகள் கீழே இறங்கும் காலம் அது. அந்த இரவில் மறுவுலகத்தின் கதவு திறக்கும் என்று பழைய ஐரிஷ் கதைகள் சொல்வது உண்மை. ஆனால் அந்தக் கதைகளை எழுதி வைத்தவர்கள், பல நூற்றாண்டுகள் கழித்து வந்த கிறிஸ்தவத் துறவிகள். பழைய சடங்கு எது, பிற்காலத்துக் கற்பனை எது என்று பிரித்து எடுப்பது லேசான வேலை இல்லை. வீடியோக்காரர் மட்டும் நேரில் பார்த்தவர் மாதிரி பேசுகிறார்.

மிட்டாய்க்காக வீடு வீடாகப் போகும் பழக்கத்தின் வேர் இன்னும் சுவாரசியம். இங்கிலாந்தில் நவம்பர் 2-ஐ ஒட்டி ஏழைகள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். வீட்டுக்காரர் ஒரு சின்ன அப்பம் கொடுப்பார், வாங்கியவர் அந்த வீட்டில் செத்துப்போனவர்களுக்காக ஜெபிப்பார். அதற்கு ‘ஆத்துமா அப்பம்’ என்றே பெயர். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் வேடம் கட்டிப் பாட்டுப் பாடிக் காசு வாங்கினார்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தார்கள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஐரிஷ் மக்கள் கப்பல் கப்பலாக அமெரிக்கா போனார்கள். அங்கே கிழங்கைவிடப் பெரியதாக, குடைவதற்கு வசதியாக ஒரு காய் கிடைத்தது. மதுரையில் நாம் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்கிறோம். வடக்கே பறங்கிக்காய் என்பார்கள். அமெரிக்காவிலிருந்து பறங்கியர், அதாவது ஐரோப்பியர், கையோடு வந்ததால் அந்தப் பெயர். இந்தப் ‘பறங்கி’ என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று படங்களில் பார்க்கிற ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ 1920, 30-களில் வட அமெரிக்காவில் உருவானது. இரண்டாம் உலகப்போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்ததும் அடங்கி, போர் முடிந்தபின் மறுபடி கிளம்பியது. 1950-ல் பிலடெல்பியாவில் ஒரு போதகர் குடும்பம், மிட்டாய்க்குப் பதிலாகக் காலிப் பால் டப்பாக்களைக் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பி, யூனிசெஃப்புக்கு நன்கொடை சேர்க்கும் பழக்கத்தைத் தொடங்கியது. உங்கள் அண்ணன் வீட்டுப் பிள்ளைகள் சர்ச்சில் வேடம் போடுவது அந்த ஊரில் விசித்திரம் இல்லை. அங்கே தெருவே அன்று வாசலில் நிற்கும். கதவை மூடிக்கொண்டால் அக்கம்பக்கத்தோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று ஆகிவிடும். அவர் அங்கே எடுத்த முடிவு அவர் தெருவுக்கானது. ஐயர் பங்களாவில் யாரும் உங்கள் வாசலுக்கு வரப்போவதில்லை.

எங்கள் சபை வழியை மதுரைக்குக் கொண்டுவந்தவர்கள் இதைக் கொண்டுவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1834-ல் இங்கே வந்த அமெரிக்கன் மிஷன்காரர்கள் நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவின் வழியில் வந்தவர்கள். அவர்களுடைய முன்னோர் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே அபராதம் போட்டவர்கள். அப்படிப்பட்ட பரம்பரை பூசணிக்காயில் விளக்கு வைத்திருக்குமா? பசுமலையில் அவர்கள் பள்ளிக்கூடம் வைத்தார்கள், பிறகு அமெரிக்கன் கல்லூரி வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. ஹாலோவீன் வரவில்லை. அது நேற்று, ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் பாலர் பள்ளி வழியாக வந்து சேர்ந்தது.

சரி, வேதம் என்ன சொல்கிறது? மாமியார் உபாகமம் 18-ஐக் காட்டியிருப்பார். குறிசொல்லுகிறவன், நாள் பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் யாரும் உங்களுக்குள் இருக்க வேண்டாம் என்ற பகுதி. நல்ல வசனம், அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பட்டியலில் குறிசொல்லுகிறவனுக்கு அடுத்து நிற்பவன் யார் என்று பாருங்கள். எங்கள் சபையில் ஆடியில் கல்யாணம் வைத்த குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அழைப்பிதழில் வசனம் அச்சடிப்போம், முகூர்த்த நேரத்தை ராகுகாலம் தள்ளித்தான் போடுவோம். “மண்டபம் அன்றைக்குத்தான் கிடைத்தது” என்று ஒரு சமாதானம். யு.கே.ஜி. பையன் கறுப்புச் சட்டை போடுவதற்கு உபாகமத்தை எடுக்கிற வீட்டில், பால் காய்ச்ச நாள் பார்த்த டைரியையும் எடுத்து வைக்கச் சொல்லலாம். (இதை மாமியாரிடம் இப்படியே சொல்லிவிடாதீர்கள். வீட்டில் சமாதானம் முக்கியம்.)

அடுத்து தெசலோனிக்கேயர் முதல் நிருபம், 5-ஆம் அதிகாரம், 22-ஆம் வசனம். பொல்லாங்காய்த் தோன்றுகிற எல்லாவற்றையும் விட்டு விலகச் சொல்கிறது நம் பழைய மொழிபெயர்ப்பு. கேட்டால், தோற்றத்தில் பொல்லாததாக இருந்தாலே விலக வேண்டும் என்று படும். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்கு ‘வகை’ என்ற பொருள் உண்டு. பொல்லாங்கின் எந்த வகையானாலும் விலகுங்கள் என்பது பொருத்தமான வாசிப்பு. அதற்கு முந்தின வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் பவுல். சோதிக்காமல் ஓடச் சொல்லவில்லை.

உண்மையில் நம் கேள்விக்கு மிக நெருக்கமாக வருவது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம்தான். அங்கே சிக்கல் இறைச்சி. கோயிலில் படைத்த இறைச்சி சந்தைக்கு வரும், விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் பரிமாறுவார்கள். பவுல் இரண்டையும் பிரிக்கிறார். கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடு, தோண்டித் துருவிக் கேட்காதே. ஆனால் விக்கிரகத்தின் பந்தியில் போய் உட்காராதே. யாராவது ‘இது படைத்தது’ என்று சொன்னால், அவனுடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு. கொரிந்துக்காரர்களைவிட மதுரைக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பக்கத்து வீட்டிலிருந்து எவர்சில்வர் தட்டில் பொரிகடலையும் அவலும் வரும். வாங்குவதா, வாங்கி என்ன செய்வது என்று நம் சமையலறைகளில் நடக்கிற விவாதம் இருக்கிறதே, அது முதலாம் நூற்றாண்டு விவாதம். என் மாமியார் வாங்கிச் சிலுவை அடையாளம் போட்டுச் சாப்பிடுவார். என் அம்மா வாங்கி வேலைக்கார அம்மாவிடம் கொடுத்துவிடுவார். இரண்டு பேரும் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. கொஞ்சம் சர்க்கரையாவது வைத்துத்தான் கொடுப்பார்கள்.

இந்த அளவில் பார்த்தால் பள்ளிக்கூட ஹாலோவீன் கடை இறைச்சி. அங்கே பலிபீடம் இல்லை, யாரையும் யாரும் கும்பிடவில்லை. கத்தோலிக்கச் சபைச் சட்டத்திலும் ஹாலோவீனுக்குத் தடை என்று விதி கிடையாது. செத்தவர்களின் ஆவியைக் கூப்பிடுவதும் குறிகேட்பதும்தான் அங்கே விலக்கப்பட்டவை. காலேஜ் ஹாஸ்டலில் அட்டையில் எழுத்தை எழுதி, நாணயத்தின் மேல் விரல் வைத்து ஆவியைக் கூப்பிடுகிற விளையாட்டு ஹாலோவீன் இரவில் நடந்தால், அதற்கு என் பதில் ஒரே வார்த்தை: கூடாது. அது வேறு, யு.கே.ஜி. பூசணிக்காய் வேறு.

இதுவரை நான் உங்கள் கணவர் கட்சி மாதிரித் தெரிந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு ஊர்ப் பழக்கத்தைக் கிறிஸ்தவன் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியில் மதுரைக்கு நானூறு வருஷ அனுபவம் உண்டு. 1606-ல் ராபர்ட் தெ நோபிலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு இங்கே வந்து சேர்ந்தார். அப்போது ஊர்க்காரர்கள் கிறிஸ்தவத்துக்குச் சொன்ன பெயர் பறங்கி மார்க்கம். சேர்ந்தால் பறங்கியாகிவிடுவோம், அவனைப் போல உடுத்தி, அவனைப் போலச் சாப்பிட வேண்டும் என்று நினைத்தார்கள். நோபிலி காவி கட்டினார், மரக்கறி மட்டும் சாப்பிட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார், தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். தன்னிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களைக் குடுமியையும் பூணூலையும் சந்தனப் பொட்டையும் எடுக்கச் சொல்லவில்லை. அவருக்கு முன்பே மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற மூத்தவர் இதெல்லாம் அஞ்ஞானச் சடங்கு என்று புகார் எழுதினார். நோபிலியின் வாதம் சுருக்கமானது. ஒரு அடையாளத்துக்கு அர்த்தம் கொடுப்பது அதை அணிகிற ஊர், ரோமில் உட்கார்ந்து பார்ப்பவர் அல்ல. 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி நோபிலிக்குச் சாதகமாக எழுதினார். 1744-ல் பதினான்காம் பெனெடிக்ட் பெரும்பாலான சலுகைகளுக்குக் கட்டுப்பாடு போட்டார். அந்த ‘வெறும் சமூக வழக்கம்தானே’ என்ற வாசல் வழியாகச் சாதியும் உள்ளே நுழைந்து ஆலயத்தில் தனி இடம் பிடித்தது, கல்லறைத் தோட்டத்தில் சுவர் கட்டியது என்பதையும் மறக்கக் கூடாது. ‘சும்மா பழக்கம்தானே’ என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்வது அதனால்தான்.

நோபிலியின் கேள்வியை ஹாலோவீனிடம் கேட்டுப் பார்ப்போம். மதுரையில் இதற்கு என்ன அர்த்தம்?

போன வருஷம் எதிர் வீட்டுக்காரர், நல்ல மனுஷர், மீனாட்சி கோயிலுக்கு வாரம் தவறாமல் போகிறவர், என்னைப் பார்த்து “ஹேப்பி ஹாலோவீன் சார், உங்க பண்டிகைதானே?” என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆங்கிலப் பெயர், வெள்ளைக்காரப் படம், பள்ளிக்கூடத்தின் பெயரிலும் ஒரு ‘செயின்ட்’. நம்முடையது என்றுதானே நினைப்பார்? பறங்கி மார்க்கம் என்ற பெயரை உதற ஒருவர் ஆயுள் முழுக்கப் பாடுபட்ட ஊரில், நானூறு வருஷம் கழித்துப் பறங்கிக்காயோடு அந்தப் பெயர் திரும்பி வருகிறது. எனக்கு ஹாலோவீன் மேல் இருக்கிற வருத்தம் இதுதான். பிசாசைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நாம் யார் என்று எதிர் வீட்டுக்காரர் எதை வைத்துத் தெரிந்துகொள்கிறார் என்பதுதான் கவலை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். டிராகுலா வேடம் நமக்கு ஏன் விளையாட்டாகத் தெரிகிறது? அதை நம்புகிறவன் இந்த ஊரில் ஒருத்தனும் இல்லை. அதே பையனுக்கு முனி வேடம் கட்டி, ‘பேய்’ என்று சொல்லி மேடை ஏற்றுவோமா? மாட்டோம். பாண்டி முனீஸ்வரர் கோவிலுக்குக் கிடா வெட்டப் போகிற குடும்பத்துப் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். நமக்குப் பேய் என்று தோன்றுவது அவர்கள் வீட்டில் குலசாமி. ஆக, யாருடைய சாவும் யாருடைய சாமியும் இல்லாத பேய் என்பதால்தான் பள்ளிக்கூடத்துக்கு இது வசதி. கட்டுமான வேலை நடக்கிற வீட்டு முன்னால் மீசையும் பல்லும் வரைந்து தொங்குகிற திருஷ்டிப் பூசணிக்காயை ஹாலோவீன் என்று யாராவது சொல்வார்களா? பூசணிக்காயில் கோர முகம் வரைகிற வேலையில் நாம் அமெரிக்காவுக்குக் கொஞ்சமும் சளைத்தவர்கள் இல்லை. கிறிஸ்தவர் வீடு கட்டும்போது கொத்தனார் அதைத் தொங்கவிட, வீட்டுக்காரர் கழற்ற, மறுநாள் கொத்தனார் மறுபடி தொங்கவிட்ட கதை எனக்கு இரண்டு மூன்று தெரியும்.

வேடம் கட்டி வீடு வீடாகப் போவதும் நமக்குப் புதிதில்லை. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகிறோமே, அது வேறென்ன? ராத்திரி பதினொரு மணிக்கு வேனில் வந்து இறங்கி, டிரம் அடித்து, பிளாஸ்டிக் முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா ஆட, தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை அந்த முகமூடியைப் பார்த்து வீல் என்று அலற, வீட்டுக்காரர் காணிக்கைக் கவரும் முறுக்கும் கொடுப்பார். அந்த முகமூடியைவிடப் பயங்கரமான எதையும் ஹாலோவீன் கடையில் நான் பார்த்ததில்லை. பூசணிக்காய்க்கும் நம்மிடம் ஏற்கனவே ஒரு பண்டிகை உண்டு. அறுப்பின் பண்டிகையில் ஆராதனை முடிந்து ஏலம் விடும்போது, முப்பது ரூபாய் பூசணிக்காய் முந்நூறுக்குப் போகும்.

இனி பயம். எனக்கு வேதவசன விவாதங்களைவிடப் பெரியதாகப் படுவது இதுதான். பேத்தி எல்.கே.ஜி. படிக்கும்போது அவள் பள்ளியிலும் இதே கூத்து. பூனையாகப் போனாள். கறுப்புக் கவுன், கன்னத்தில் மூன்று மூன்று மீசைக்கோடு, என் மகள் ஐப்ரோ பென்சிலால் வரைந்தது. போகும்போது மியாவ் மியாவ் என்று ஒரே சிரிப்பு. அங்கே ஒரு சாமான் அறையை இருட்டாக்கி, கறுப்புத் துணி தொங்கவிட்டு, உள்ளே ஒருவர் ஒளிந்திருந்து கத்தினாராம். ‘ஹாண்டட் ஹவுஸ்’. வரிசையாக அனுப்பியிருக்கிறார்கள், நான்கு வயதுப் பிள்ளைகளை. திரும்பி வரும்போது மீசைக்கோடு கண்ணீரில் கரைந்து தாடை வரை இறங்கியிருந்தது. கையில் கண்விழி மாதிரி ஒரு ஜெல்லி மிட்டாய், தின்னவும் மாட்டேன், கீழே போடவும் மாட்டேன் என்று இறுக்கிப் பிடித்திருந்தாள். இரண்டு ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போகவில்லை. பள்ளியில் கேட்டால், “எல்லாருமே என்ஜாய் பண்ணாங்க சார்” என்றார்கள்.

அந்த இரண்டாவது ராத்திரிக்கு அடுத்த நாள் நவம்பர் 2. கல்லறைத் திருநாள்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனைவி இருந்தவரை ஒவ்வொரு நவம்பர் 2-ம் தன் அப்பா அம்மா கல்லறைக்குப் போவாள். நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். செத்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் சபைப் போதனையில் இல்லை என்பது என் நியாயம். 1517-ல் இதே அக்டோபர் 31 அன்றுதான் மார்ட்டின் லூத்தர் தன் 95 கூற்றுகளை மைன்ஸ் பேராயருக்கு அனுப்பினார். ஆத்துமாக்களின் பெயரால் நடந்த பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தைத்தான் அதில் தட்டிக் கேட்டார். லூத்தரன் சபைகளுக்கு அது சீர்திருத்தத் திருநாள். அதையெல்லாம் வருஷா வருஷம் அவளிடம் எடுத்து விளக்குவேன். “சரி, டீ குடிச்சிட்டு இருங்க” என்று உள்ளே போய்விடுவாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளையும் அங்கேதான் அடக்கம் செய்தோம். அதன்பிறகு டீக்கடைக்குப் போவதில்லை, உள்ளே போகிறேன். போதனை மாறவில்லை. நன்றி சொல்லி ஜெபிக்கிறேன். அவள் தம்பி பக்கத்தில் ஜெபமாலை சொல்கிறான். இருவருக்கும் இடிக்கவில்லை.

அன்று பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். மகள் தயங்கினாள், ஏற்கனவே பயந்திருக்கிறாளே என்று. போய்ப் பார்த்தால் அது இருட்டான இடமே இல்லை. ஒரு வாரமாகப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சிலுவைகளில் பெயரைப் புதிதாகக் கறுப்பு மையில் எழுதியிருந்தார்கள். மழை பெய்து விட்டிருந்தது, செம்மண் செருப்பில் அப்பியது. கல்லறைக்குக் கல்லறை செவ்வந்தி, அரளி, மெழுகுவர்த்தி, சாம்பிராணிப் புகை. பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். ஒரு குடும்பம் கல்லறை மேடை ஓரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் யாரோ ஒரு அம்மா தன் மகன் கல்லறையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். பேத்தி எல்லாவற்றையும் பார்த்தாள். அம்மாச்சியை அவள் போட்டோவில்தான் அறிவாள். “தாத்தா, இங்க பேய் இருக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அம்மாச்சி இருக்காங்களா?” உடம்பு இங்கே இருக்கிறது, அம்மாச்சி ஆண்டவரிடம் இருக்கிறார் என்றேன். நான்கு வயதுக்கு அது போதுமா தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அணைந்து போன மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றலாமா என்று கேட்டாள். ஏற்றினோம். அன்று ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போனாள். கல்லறைக்குப் போனதால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பயம் அதுவாகவும் போயிருக்கலாம்.

இப்போது உங்கள் மகன் விஷயம். வகுப்பு டீச்சரை ஒரு நிமிஷம் பார்த்துப் பேசுங்கள். மதம், வேதம் எதையும் இழுக்க வேண்டாம். இருட்டு அறை, அலறல், திடுக்கிட வைக்கிற விளையாட்டு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருக்கிறது என்றால், அல்லது அவன் பயந்த சுபாவம் என்றால், அன்று லீவு போட்டுவிடலாம். யு.கே.ஜி.யில் ஒரு நாள் போனால் ஐ.ஏ.எஸ். கெட்டுப் போகாது. அப்படி ஒன்றும் இல்லை, வேடமும் பாட்டும்தான் என்றால் அனுப்புங்கள். பூனை, வௌவால், பூசணிக்காய், எதுவோ அவனுக்குப் பிடித்ததாக இருக்கட்டும். மண்டையோடும் ரத்தக்காயமும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சாவு வீட்டைப் பார்த்த பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கலாம்.

புனிதர் வேடம் போட்டு அனுப்பலாமே என்று சிலர் சொல்வார்கள். 2022-ல் புனிதர் பட்டம் பெற்ற, விலங்கு பூட்டப்பட்ட வேதசாட்சி தேவசகாயம் வேடம் நன்றாகத்தான் இருக்கும், வெள்ளிக் காகிதத்தில் சங்கிலி செய்தால் போதும். ஆனால் அதை நவம்பர் 1-ஐ ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூலிலோ மறைக்கல்வி வகுப்பிலோ வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேய்களுக்கு நடுவே ஒற்றைப் புனிதராக ஐந்து வயதுப் பையனை நிறுத்துவது, நம் வாதத்தை அவன் முதுகில் ஒட்டி அனுப்புகிற மாதிரி. நமக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் நாம்தான் டீச்சரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

வீட்டில் ஹாலோவீன் அலங்காரம், மிட்டாய் வாளி, அபார்ட்மெண்ட் பார்ட்டி இதெல்லாம் என்னைக் கேட்டால் வேண்டாம். பாவம் என்று சொல்லவில்லை, வீண் செலவு. அந்தச் சமயத்தை ஒட்டித் தீபாவளிப் பலகாரம் பக்கத்து வீடுகளிலிருந்து வரும், பின்னால் கிறிஸ்துமஸ் கேக் செய்ய வேண்டியிருக்கும். 2024-ல் தீபாவளியே அக்டோபர் 31 அன்று வந்தது. அந்த வேட்டுச் சத்தத்தில் மதுரையில் எந்தப் பேய் தலைகாட்டியிருக்கும்?

மாமியாரிடம் வீடியோ பொய் என்று வாதாட வேண்டாம். நவம்பர் 2 சாயங்காலம் மாமனார் கல்லறைக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள். உங்கள் சபையில் அந்தப் பழக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போய்ச் சுத்தம் செய்து, பூ வைத்து, தாத்தா கதை ஒன்று சொல்லிவிட்டு வர எந்தச் சபையும் தடை போடாது. பூவை முந்தின நாளே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வாங்கிவிடுங்கள், அன்று கல்லறை வாசலில் செவ்வந்தி கேட்கிற விலைக்குக் கிடைக்காது. ஐப்பசி மழையும் காற்றும் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி மெழுகுவர்த்தி மேல் கவிழ்த்தால், மூடியைக் கழற்றி விட்டால் போதும், அணையாமல் எரியும். தீப்பெட்டியை மட்டும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துப் போங்கள்.